தோடும் தழும்பும்

மனிதன் தன் உடலிலே தானே விரும்பி ஏற்படுத்திக்கொள்ளும் காயங்களுள் மிகப் பழையனவும் மிகப் பரந்தனவுமானவற்றுள் ஒன்று காது குத்துதல். ஆல்ப்ஸ் மலைப் பனியினுள் 1991ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலிலே காதுச் சோணை துளைக்கப்பட்டு விரிவாக்கப்பட்டிருந்தது. தமிழ் மக்களுக்கோ காதணி உடலோடு ஒன்றிய பொருள். குழை, தோடு, குண்டலம், கடுக்கன், கொப்பு, முருகு, தண்டட்டி, பாம்படம் என அதற்கு எத்தனையோ பெயர்கள். திருஞானசம்பந்தர் பாடிய முதற் பதிகமே இறைவனின் செவித் தோட்டை முன்வைத்துத் தொடங்குகின்றது.

இவ்வணிகளின் வரலாற்றை எழுதியோர் பலர். அணிக்காக இட்ட துளையின் வரலாற்றை எண்ணிப் பார்த்தோர் சிலரே. துளை என்பது ஒரு புண். புண் என்றால் அது ஆற வேண்டும். ஆறும்போது சிலருடைய உடலில் அது அளவோடு ஆறி அடங்குகின்றது. வேறு சிலருடைய உடலிலோ அளவு மீறி ஆறி, துளையைச் சுற்றி மேடாக எழுந்து, சில வேளைகளில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு நிற்கின்றது. அந்த மேட்டினால் தலைமயிரை இழுத்துக் காதை மறைத்துக்கொள்ளும் இளம் பெண்களும், திருமணப் பேச்சின்போது கலங்கும் தாய்மாரும் கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இன்றும் உளர். ஆகவே இத்தழும்பின் கதையை அறிதல் வெறும் பழங்கதை ஆராய்ச்சியன்று.

கண்டி மலைநாட்டில் காது குத்தும் வழக்கத்தைப் பற்றி எழுதிய மேனாட்டவருள் முன்னிற்பவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிபட்ட இவ்வாங்கிலேயர், 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்தார். சிறையென்றாலும் அது பூட்டிய அறையன்று. ஊர்களிலே மக்களோடு கலந்து வாழ்ந்த வாழ்க்கை. 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். பெண்கள் இளமையிலேயே காதைத் துளைத்துக்கொள்வர். தென்னோலையைச் சுருட்டித் துளையிற் செருகி அதனைச் சிறிது சிறிதாக விரிப்பர். கல் பதித்த வெள்ளி அணிகளை அதில் அணிவர் என்று அவர் குறித்துள்ளார்.

தென்னோலைச் சுருளின் தன்மை யாதெனில், அது தன்னியல்பாக விரிந்து கொடுக்கும். ஆனால் முரட்டுத்தனமாக விரியாது. சதை மெல்ல மெல்ல இடங்கொடுக்க, புண் கிழியாமல் துளை பெருகும். நூல் எதனையும் கற்காத தாய்மார், காயத்தை அவசரப்படுத்தலாகாது என்னும் உண்மையைத் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபினர். அரச குலத்துக்கு மணப்பெண்கள் தென்னாட்டிலிருந்து வந்தனர். அவர்களுடைய உறவினர் வாழ்ந்த தெரு பிற்காலத்தில் மலபார் வீதி என வழங்கிற்று. இவ்வுறவின் வழியே தென்னாட்டு அணிகளும் அவற்றுக்குரிய வழக்கங்களும் மலைநாட்டை அடைந்திருத்தல் இயல்பே.

ஆயினும் பெருந்திரளான தமிழ் மக்கள் மலைநாட்டுக்கு வந்தது அரண்மனையின் பொருட்டன்று, தோட்டத்தின் பொருட்டு. 1824இல் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை மலைகளை மூடியது. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையையும் கண்டியையும் வந்தடைந்தனர். கையிற் கொண்டுவரக் கூடியது சிறிதே. எனினும் காதில் அணிந்திருந்ததைக் காட்டுவழி பறித்துக்கொள்ளவில்லை. தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்கு அணியே வங்கி. காதே அவ்வங்கியின் பெட்டகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன்பின்னும் எடுக்கப்பட்ட படங்களிற் காணப்படும் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர், சோணையிலும் மேற்காதிலும் மூக்கிலும் அணிகள் பூண்டுள்ளனர். மேற்காதைத் துளைத்தல் இக்காலத்து இளையோர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் அப்படங்களைப் பார்த்தல் வேண்டும். கொப்பும் முருகும் நின்ற இடம் அதுவே.

தென்னாட்டிற் சோணையை நீட்டும் வழக்கத்தை 1906இல் வெளியான தம் நூலில் எட்கார் தேர்ஸ்டன் விரித்துரைத்துள்ளார். முதலிற் பஞ்சு, பின்னர் நெட்டி, அதன்பின் ஈய வளையங்கள் என எடை கூட்டிக் கூட்டிச் சோணை தோள்வரை தொங்குமாறு செய்யப்பட்டது. காலம் மாறிற்று, நீண்ட காது நாகரிகமற்றது என்னும் எண்ணம் பரவிற்று. நீட்டிய சோணையை வெட்டித் தைத்துச் சிறிதாக்குமாறு வைத்தியசாலைகளை நாடியோரும் உளராயினர். அழகுக்காகத் துளைத்தனர், அழகுக்காக நீட்டினர், அழகுக்காகவே மீண்டும் அறுத்துத் தைத்தனர். ஒவ்வொரு முறையும் தோல் ஒரு தழும்பைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

இனி, இத்துளையைப் பற்றிய வைத்திய அறிவு எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்திலே பதினாறாம் அத்தியாயம் முழுவதும் காது குத்துதலுக்கும் அறுந்த காதைப் பொருத்துதலுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. குழந்தைக்குக் காப்பாகவும் அணியாகவும் காது குத்தப்படுகிறது என்று அந்நூல் தொடங்குகின்றது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்திலே, குழந்தையைச் செவிலியின் மடியில் அமர்த்தி, விளையாட்டுக் காட்டி மகிழ்வித்து, கதிரவன் ஒளியிலே சோணையைப் பிடித்துப் பார்த்து, ஒளி ஊடுருவும் மெல்லிய இடத்திலே குத்துதல் வேண்டும். ஆணுக்கு வலக்காதும் பெண்ணுக்கு இடக்காதும் முதலில். மெல்லிய காதுக்கு ஊசி. தடித்த காதுக்குத் தமரூசி. இரத்தம் மிகுதியாக வந்தாலும் வலி மிகுந்தாலும் இடம் பிழைத்தது என்று அறிதல் வேண்டும். பின்னர்ப் பஞ்சுத் திரியை இட்டு எண்ணெய் வார்த்து, மூன்று நாளைக்கு ஒருமுறை சிறிது தடித்த திரியாக மாற்றுதல் வேண்டும்.

இவ்விதிகளினும் வியக்கத்தக்கது பிழை நேர்ந்தாற் செய்யவேண்டியதைக் கூறும் பகுதி. வளைந்த ஊசியாலோ, முரட்டுத் திரியாலோ, இறுகச் செருகியதாலோ வீக்கமும் வலியும் தோன்றினால், திரியை உடனே நீக்கிவிட வேண்டும். அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, வாற்கோதுமை, எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கலந்து பூசி, புண் முற்றாக ஆறியபின்னரே மறுமுறை குத்த வேண்டும். முதலில் ஆறட்டும்; அதன்பின் அணியலாம் என்பதே அதன் சாரம். அணியின் ஆசையைவிடப் புண்ணின் நலமே முதலிடம் பெறுகின்றது.

புண்ணில் மேலெழுந்த சதையைத் தாழ்த்துவதற்குச் சுசுருதம் அவசாதனம் என்று பெயரிட்டு, புண்ணுக்குரிய 60 சிகிச்சை முறைகளுள் ஒன்றாக அதனை வைத்தது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த வாக்படரின் அட்டாங்க இருதயம் இன்னும் ஒரு படி மேலே சென்று, விரணக் கிரந்தி என்னும் தனி நோயையே குறிப்பிடுகின்றது. விரணம் என்பது புண். கிரந்தி என்பது முடிச்சு. புண் ஆறுமுன்னரோ ஆறிய உடனேயோ பத்தியமின்றி உண்பதாலும், கட்டின்றி விடுவதாலும், அடிபடுவதாலும் புண்ணிருந்த இடத்தில் முடிச்சு எழும். அதில் எரிவும் அரிப்பும் உண்டாகும் என்கிறது அந்நூல். உணவுதான் காரணம் என்பதை இன்றைய வைத்தியம் ஏற்காது. ஆயினும் புண் ஆறியபின் முடிச்சு எழும் என்பதும், அது அரிக்கும், எரியும் என்பதும் இன்றைக்கும் தோல் வைத்தியர் நோயாளியிடம் முதலிற் கேட்டறியும் குறிகளே.

மேனாட்டில் இத்தழும்புக்கு இன்று வழங்கும் பெயரைத் தந்தவர் பாரிஸ் நகரில் சென் லூயி வைத்தியசாலையிற் பணியாற்றிய அலிபேர் என்பவர். 1806இல் அவர் இதனை விவரித்தபோது புற்றுநோயைப் போன்றது என்னும் பொருளில் ஒரு பெயரிட்டார். பின்னர் இது புற்றுநோயன்று என்பதைத் தெளிந்து, அச்சத்தைத் தரும் அப்பெயரை மாற்றி, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கீலோயிட் என்னும் பெயரை அமைத்தார். தழும்பின் ஓரங்கள் நண்டின் கொடுக்குப் போல நல்ல தோலினுள் நீண்டு பற்றுவதால் அப்பெயர். தழும்பு மேடு புற்றுநோயன்று. அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்ட இவ்வுண்மை இன்னும் எல்லா வீடுகளையும் சென்றடையவில்லை.

துளையைச் சுற்றி எழும் எல்லா மேடும் ஒன்றல்ல. சிவந்து, வலித்து, சீழ் கட்டினால் அது கிருமித் தொற்று. உடனே மருந்து வேண்டும். மேற்காதின் குருத்தெலும்பில் அத்தகைய தொற்று நேர்ந்தால் காதின் வடிவமே சிதையக்கூடும். துளையின் வாயிலே ஈரமாய்ச் சிவந்து, தொட்டாற் குருதி கசியும் சிறு சதை வேறு. போலி நகையிலுள்ள நிக்கல் உலோகம் ஒவ்வாமையால் அரிப்பும் நீர்க்கசிவும் தருதல் வேறு. இவற்றைத் தழும்பென மயங்கலாகாது.

உண்மைத் தழும்பு மேட்டிலும் இருவகை உண்டு. ஒன்று, காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது. சில மாதங்களில் அல்லது சில ஆண்டுகளில் அது தானே தணியவுங்கூடும். மற்றொன்று கீலோயிட்; காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலின்மேற் படரும்; தானே தணிவது அரிது. காயம் ஆறி மாதங்கள் பல சென்றபின்னரும் அது தோன்றலாம். ஆறும் தோலிலே நார்களை நெய்யும் கலங்கள் உண்டு. அவை கொலாஜன் என்னும் நார்ப்பொருளை உண்டாக்கிக் காயத்தை இணைக்கின்றன. வேலை முடிந்ததும் அவை ஓய்தல் வேண்டும். கீலோயிட்டில் அவை ஓய்வதில்லை. நெசவு முடிந்தபின்னும் தறி நிற்காத நிலை அது. கறுத்த தோலுடையோரிடமும், பத்து முதல் முப்பது வயதுக்குட்பட்டோரிடமும், குடும்பத்தில் முன்னமே இது உடையோரிடமும் இந்நிலை மிகுதி. காதுச் சோணை, தோள், நெஞ்சின் நடுப்பகுதி ஆகியவை இது விரும்பித் தங்கும் இடங்கள். இது தோலின் இயல்பு. எவருடைய பாவமுமன்று, கண்ணூறுமன்று.

இத்தழும்பை நீக்க மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு, பெரும்பாலும் அவசரத்தின் தோல்வி வரலாறே. மேட்டைக் கண்டவுடன் அறுத்தெறியத் தோன்றும். ஆனால் அறுப்பதும் ஒரு காயந்தானே! எந்த இயல்பு முதற் காயத்தில் மேட்டை எழுப்பிற்றோ, அதே இயல்பு இரண்டாம் காயத்திலும் எழுப்பும். வேறு சிகிச்சையின்றி அறுத்து மட்டும் விட்டால், நூற்றுக்கு 45 பேருக்குக் குறையாமல், சில கணக்குகளில் ஏறத்தாழ எல்லோருக்குமே, அது திரும்பி வருகின்றது. முன்னிலும் பெரிதாக வருவதும் உண்டு. நூலால் இறுகக் கட்டுதல், சுண்ணாம்பு வைத்தல், அமிலம் இடுதல், ஊசியைக் காய்ச்சிச் சுடுதல் ஆகியவை எல்லாம் இதே பிழையின் வெவ்வேறு வடிவங்கள். சிறு மேட்டோடு தொடங்கிப் பெருந்தழும்போடு முடிவது இவ்வழியேயாம்.

1895இல் றொன்ட்ஜன் கண்ட கதிர்கள் 1906இலேயே இத்தழும்புக்குப் பயன்படுத்தப்பட்டன. கோட்டிசோன் என்னும் சுரப்பினைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1950ஆம் ஆண்டின் நொபெல் பரிசு கிடைத்தபின், அவ்வினத்து மருந்தாகிய ட்ரையம்சினலோன் 1960களில் தழும்பினுள்ளேயே ஊசியால் ஏற்றப்படலாயிற்று. நெசவு நிற்காத கலங்களை அடக்கி, மேட்டை மெல்லக் கரைக்கும் இம்மருந்தே இன்றளவும் முதற் சிகிச்சையாக விளங்குகின்றது. திரவ நைதரசனால் உறைய வைத்தலும், 1980களில் வந்த சிலிக்கோன் தகடும், சோணையை இருபுறமும் மெல்ல அழுத்தும் காதணியும் அதற்குத் துணை. பெரிய மேடாயின் சத்திரசிகிச்சை செய்து, உடன் ஊசி மருந்தையோ அழுத்தத்தையோ, வளர்ந்தோர்க்குத் தேவையாயின் கதிர்ச் சிகிச்சையையோ சேர்க்கின்றனர்.

கண்டி மக்கள் இதற்காகத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் தோல் வைத்தியப் பிரிவுகள் உண்டு. 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் தலைமுறை தலைமுறையாக வைத்தியர்களை உருவாக்கி வந்துள்ளது. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் ஓர் இடர் உண்டு. இவ்வூசி ஒருமுறை ஏற்றி முடிவதன்று. ஏறத்தாழ மாதம் ஒருமுறையாகப் பல முறை ஏற்றப்பட வேண்டும். புசல்லாவையிலிருந்தோ தெல்தெனியாவிலிருந்தோ வரும் தொழிலாளிப் பெண்ணுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாட் சம்பளம். இரண்டு ஊசியில் மேடு தணிந்தவுடன் வருகை நின்றுவிடுகின்றது. சில மாதங்களில் மேடு திரும்புகின்றது. மருந்து பயனற்றது என்னும் பேச்சு லயன் வீடுகளிற் பரவுகின்றது. பயனற்றது மருந்தன்று, பாதியில் நின்ற சிகிச்சையே. இதனைத் தோட்டத்து வைத்திய உதவியாளரும் ஆசிரியரும் எடுத்துரைப்பாராயின் பல பெண்களின் துயர் தீரும்.

வராமற் காத்தலோ இன்னும் எளிது. மலைநாட்டுத் தமிழ் வீடுகளிலே தாய்மாமன் மடியிற் குழந்தையை இருத்தி, ஆசாரி பொற்கம்பியால் மெல்லிய சோணையில் ஒரே துளையிடும் வழக்கம் வாழையடி வாழையாக வந்தது. தூய பொன் தோலை உறுத்துவதில்லை. இளங்குழந்தையின் துளை தழும்பேறுவதும் குறைவு. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வு, இவ்வியல்புடையோரிடையே 11 வயதுக்குமுன் குத்திய காதுகளைவிட அதன்பின் குத்திய காதுகளிலேயே கீலோயிட் மிகுதியாகத் தோன்றிற்று என்று காட்டியுள்ளது. சுசுருதர் சொன்ன ஆறாம், ஏழாம் மாதம் இன்னொரு வகையிலும் பொருந்துகின்றது. இலங்கையிற் குழந்தைகளுக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஏற்றப்படும் தடுப்பூசி ஏற்புவலிக்கும் காப்பாகும். அம்மூன்றும் முடிந்தபின் குத்துதல் நன்று.

பழைமை முழுவதும் நன்று என்று இதனாற் கொள்ளலாகாது. கொதிநீரிற் காய்ச்சாத ஊசியும், எங்கோ ஒடித்த குச்சியும் பல குழந்தைகளுக்குத் தீங்கு செய்திருக்கும். புதுமை முழுவதும் தீது என்பதும் அன்று. கிருமி நீக்கிய, ஒருமுறையே பயன்படும் ஊசி இக்காலம் தந்த கொடை. ஆனால் கடைத்தெருவில் ஒரு நொடியில் ஆணியை அறையும் குத்துக் கருவி குருத்தெலும்பை நசுக்குகின்றது. முழுமையாகக் கிருமி நீக்கவும் இயலாத கருவிகள் அவற்றுட் பல. ஒரு காதில் ஐந்து துளை, புருவத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று எனத் தொடங்குமுன், தம் உடலில் முன்னைய காயங்கள் எவ்வாறு ஆறின, பெற்றோர், உடன்பிறந்தோர் உடலில் மேடு எழுந்ததுண்டா என்று இளையோர் பார்த்தல் வேண்டும். உண்டு என்றால், துளையாதிருத்தலே சிறந்த மருந்து. தோடில்லாத செவியாற் குறைந்தவர் எவருமிலர்.

தென்னோலைச் சுருளைச் செருகிய கண்டித் தாயும், பஞ்சுத் திரியை மாற்றிய பண்டை வைத்தியரும், தழும்பினுள் ஊசி மருந்தை ஏற்றும் இன்றைய வைத்தியரும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றனர். புண்ணுக்குத் தனக்கென ஒரு காலம் உண்டு. அதனை அவசரப்படுத்துவோரை அது தண்டிக்கும், பொறுத்திருந்து பேணுவோருக்கு அது இணங்கும். காதை மறைத்து நடக்கும் பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் செய்யத்தக்க முதல் உதவி, அவளைப் பழியாமலிருத்தல். இரண்டாவது, முதல் ஊசிக்கு அவளோடு துணைக்குச் செல்லுதல். மூன்றாவது, கடைசி ஊசிவரை அவளை நிற்கவிடாமற் பார்த்துக்கொள்ளுதல்.